குழம்பின் சிவப்பு எங்கே போகிறது?

இரவு எட்டரை மணிக்கு இறக்கிய வத்தக்குழம்பு. நல்லெண்ணெய் பிரிந்து மேலே மிதக்கிறது. மிளகாயின் சிவப்பு அந்த எண்ணெயில் இறங்கி, சட்டியின் ஓரமெல்லாம் செம்மை கட்டியிருக்கிறது. சுண்டைக்காய் கறுத்துப் பளபளக்கிறது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமே என்று செல்போனில் ஒரு படம் எடுத்தால், திரையில் தெரிவது வேறு ஏதோ: சாம்பல் பூத்த பழுப்புத் திரவம், அதன் நடுவே ட்யூப் லைட்டின் வெள்ளைக் கோடு. எடுத்தவர் தன் கையை நொந்துகொண்டு படத்தை அழித்துவிடுவார்.

இதில் கைக்குக் குற்றமில்லை, போனுக்கும் பெரிய குற்றமில்லை. சட்டியிலிருந்து கிளம்பும் ஒளி மகளின் கண்ணுக்குப் போய்ச் சேர்வதற்குள் லென்ஸ், சென்சார், போனுக்குள் நடக்கும் கணக்கு, படத்தைச் சுருக்கும் செயலி, அந்தப் பக்கத்துத் திரை என்று பல கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கழிகிறது. நம் வீட்டுச் சமையலோ சிவப்பும் பழுப்பும் கலந்தது, ஈரமானது, எண்ணெய் மினுங்குவது, எவர்சில்வர் தட்டிலோ வாழையிலையிலோ பரிமாறப்படுவது. இந்தக் கருவிகள் தடுமாறும் இடங்கள் எல்லாம் அதில் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. எந்த இடத்தில் எது கழிகிறது என்று தெரிந்துகொண்டால் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். அதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை.

முதல் கழிவு படமெடுக்கும் முன்பே, விளக்கிலேயே நடந்துவிடுகிறது. மிளகாயின் சிவப்புக்கு முக்கியக் காரணம் கேப்சாந்தின் என்ற நிறமி. அது நீலத்தையும் பச்சையையும் விழுங்கிவிட்டு, ஏறத்தாழ 600 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்ப வேண்டுமானால் அந்தச் சிவப்பு முதலில் அதன்மேல் வந்து விழ வேண்டும். சூரிய ஒளியில் அது தாராளமாக உண்டு. பழைய குண்டு பல்பில் இன்னும் தாராளம். இன்றைய எல்.இ.டி. பல்புக்குள் இருப்பது நீல ஒளி உமிழும் சில்லு. அதன்மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர், நீலத்தில் ஒரு பங்கை உறிஞ்சி மஞ்சள் ஒளியாக வெளியிடுகிறது. மீந்த நீலமும் பிறந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகின்றன. அந்த வெள்ளையைப் பிரித்துப் பார்த்தால், 450 நானோமீட்டர் பக்கம் நீலம் கூர்மையாக எழும்பி நிற்கும், மஞ்சள் அகலமாகப் பரந்திருக்கும், ஆழ்ந்த சிவப்பு மெலிந்து கிடக்கும். மலிவான பல்புகளில் இந்த மெலிவு அதிகம். குழம்பின் சிவப்பைக் காட்ட வேண்டிய ஒளியே சமையலறைக்குள் குறைவாகத்தான் வருகிறது.

பல்பு அட்டையில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். பொருள்களின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் அது, நூற்றுக்குப் போடுவார்கள். அந்த மதிப்பெண் எட்டு மாதிரி நிறங்களின் சராசரி. எட்டுமே அழுத்தம் குறைந்த, வெளிறிய நிறங்கள். அழுத்தமான சிவப்பு, ஆர்9 என்று பெயர் பெற்ற ஒன்பதாவது மாதிரி. அது சராசரியில் சேராது. அதனால் அட்டையில் 80 என்று போட்ட பல்பின் ஆர்9 மதிப்பு பூஜ்யத்தை ஒட்டிக் கிடப்பதும் சாதாரணம். தக்காளி, மிளகாய், இறைச்சி, மனிதத் தோலின் செம்மை எல்லாம் அந்த ஒன்பதாவது மாதிரியின் பக்கம்தான் நிற்கின்றன. அதையும் அட்டையில் கட்டாயம் அச்சிட வேண்டும் என்பது என் கட்சி. அதுவரை, சமையலறைக்கு மட்டுமாவது 90க்கு மேல் மதிப்பெண் உள்ள பல்பாகப் பார்த்து வாங்கலாம். படத்துக்கு மட்டுமா? மீன் வாங்கி வந்து செவுளைப் பார்ப்பதற்கும், கறி வதங்கிவிட்டதா என்று பார்ப்பதற்கும் அந்தச் சிவப்பு வேண்டும்.

அதே மோசமான விளக்கின் கீழ் நின்று பார்க்கும்போது நம் கண்ணுக்கு மட்டும் குழம்பு சிவப்பாகத் தெரிகிறதே, எப்படி? கண்ணுக்குப் பின்னால் மூளை இருக்கிறது. சுற்றியுள்ள சுவர், பாத்திரம், துணி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, விளக்கின் நிறம் இன்னதென்று கணித்து, அதைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை நமக்குச் சொல்கிறது. போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கிய எட்வின் லேண்ட் இதை அழகாகச் செய்து காட்டினார். பல வண்ணத் தாள்களை ஒட்டிய பலகைமேல் மூன்று புரொஜெக்டர்களால் சிவப்பு, பச்சை, நீல ஒளியைப் பாய்ச்சினார். மூன்றின் அளவையும் திருகி, ஒரு தாளிலிருந்து வரும் ஒளியை, முன்பு வேறொரு நிறத் தாளிலிருந்து வந்த ஒளிக்குச் சமமாக்கினார். இரண்டும் ஒன்று என்றது கருவி. பார்த்தவர்களோ அந்தத் தாளின் சொந்த நிறத்தையே சொன்னார்கள். சமைத்தவருக்கு இதற்கு மேலும் ஒரு துணை உண்டு: மிளகாயை வறுத்து அரைத்தது, எண்ணெய் பிரிந்ததைப் பார்த்தது, வாசனை எல்லாம் நினைவில் இருக்கிறது. அவர் பார்ப்பது அந்த நினைவும் சேர்ந்த குழம்பு.

கேமராவுக்கு இந்த நினைவு கிடையாது. அது தானாகவே விளக்கின் நிறத்தைக் கணிக்க முயல்கிறது. பழைய எளிய முறை ஒன்று, படத்திலுள்ள எல்லா நிறங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் நிறம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வது. வரவில்லையென்றால் விளக்கில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, எதிர்த் திசையில் நிறத்தைத் தள்ளிவிடும். தெருவையோ அறையையோ எடுக்கும்போது இந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். விரித்த வாழையிலையை மேலிருந்து எடுத்துப் பாருங்கள். சட்டகம் முழுக்கப் பச்சை. விளக்குதான் பச்சை என்று கேமரா எண்ணிக்கொண்டால், பச்சையைக் குறைக்க இளஞ்சிவப்பை ஏற்றும். சோற்றில் ரோஸ் சாயம் படியும், இலை மங்கும். இன்றைய போன்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போடுகின்றன. லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள்கள் அவற்றில் இருக்கின்றன. ஆனாலும் ஒரே நிறம் சட்டகத்தை அடைத்துக்கொண்டால் தடுமாற்றம் தீர்ந்தபாடில்லை. ஓரத்தில் ஒரு வெள்ளைக் கிண்ணமோ, வெள்ளைத் துண்டோ தெரியும்படி வைத்தால் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்கிறது.

ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சமும் மறுபக்கம் மஞ்சள் பல்பும் விழுந்தால் எந்தக் கணக்கும் உதவாது. கேமரா முழுப் படத்துக்கும் ஒரே திருத்தம்தான் பொதுவாகச் செய்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். எனவே படமெடுக்கும் அரை நிமிடத்துக்கு விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் தட்டைக் கொண்டுபோவதே சிறந்த வழி. இந்த ஒரு மாற்றம் தரும் பலனை எந்த பில்டராலும் தர முடியாது.

ஜன்னல் வெளிச்சத்துக்கு நிறத்தைத் தவிர வேறொரு பலமும் உண்டு: அளவு. இரவுச் சமையலறையில் ஒளி 100 முதல் 300 லக்ஸ் இருந்தால் அதிகம். பகலில் ஜன்னலோரம் ஆயிரக்கணக்கில் இருக்கும். வெட்ட வெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். ஒளி என்பது போட்டான் என்னும் துகள்களாகச் சென்சாரில் வந்து விழுகிறது. முற்றத்தில் வரிசையாக டம்ளர்களை வைத்துத் தூறலைப் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சில நொடித் தூறலில் ஒரு டம்ளரில் எட்டுத் துளி விழும், பக்கத்து டம்ளரில் பதின்மூன்று. பெருமழையில் எல்லா டம்ளரும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு நிறையும். போட்டான்களுக்கும் இதே கணக்கு. சராசரியாக 100 வரவேண்டிய இடத்தில் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவிகிதம். 10,000 வரவேண்டிய இடத்தில் ஏற்ற இறக்கம் 100. வெறும் ஒரு சதவிகிதம். இரவில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கரகரப்பு இதுதான். போன் அதை மறைக்கப் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் குழைத்து மெழுகிவிடுகிறது. அந்த மெழுகலில் தேங்காய்த் துருவலின் நார், உப்புமாவின் ரவைக் குருணை எல்லாம் சேர்ந்து மறைகின்றன.

சென்சாருக்குத் தானாக நிறமும் தெரியாது. அது ஒளியின் அளவை மட்டும் எண்ணும். நிறம் காண்பதற்கு ஒவ்வொரு புள்ளியின்மேலும் ஒரு நுண்ணிய வண்ண வடிகட்டி இருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் வேலைபார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மனிதக் கண் நுணுக்கங்களைப் பெரும்பாலும் பச்சைப் பகுதி ஒளியை வைத்தே காண்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட மற்ற இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து போன் ஊகித்து நிரப்புகிறது. கீரையின் நரம்பு துல்லியமாகத் தெரியும் அளவுக்குக் காரச் சட்னியின் மிளகாய்த் துணுக்கு தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். சிவப்பைப் பார்க்கும் புள்ளிகள் நான்கில் ஒன்றுதான்.

இட்லிக்கு வேறு பிரச்சினை. மாவு புளிக்கும்போது பிறந்த வாயுக் குமிழிகள் இட்லி முழுக்கச் சிறு சிறு அறைகளாக நிற்கின்றன. உள்ளே நுழையும் ஒளி அந்த அறைச் சுவர்களில் மோதி மோதி எல்லாத் திசையிலும் சிதறித் திரும்புகிறது. எந்த நிறத்தையும் விழுங்காமல் எல்லாவற்றையும் திருப்புவதால் வெள்ளை. கேமராவின் ஒளி அளவி, காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் அளவுக்கு ஒளியைத் திருப்பும் என்ற ஊகத்தில் கட்டப்பட்டது. வெள்ளைத் தட்டில் நான்கு இட்லி, பக்கத்தில் தேங்காய்ச் சட்னி என்று வைத்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்து இருட்டாக்கிவிடும். பூப்போன்ற இட்லி அழுக்கு வேட்டி நிறத்தில் வரும். திரையில் இட்லிமேல் தொட்டால் ஒரு சூரியக் குறி வரும். அதை மேலே இழுத்துவிட்டால் போதும். எள்ளுருண்டைக்கு நேரெதிர், கறுப்பைச் சாம்பலாக்கக் கேமரா முனையும், குறியைக் கீழே இழுக்க வேண்டும்.

இனி மினுமினுப்புக்கு வருவோம். உணவுப் படத்தில் பசியைக் கிளப்புவது நிறத்தைவிட மினுமினுப்பே என்று எனக்குத் தோன்றுகிறது. மிளகாயின் நிறமி கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். குழம்பு சுண்டி எண்ணெய் பிரியும்போது சிவப்பெல்லாம் மேலே வந்து சேர்வது அதனால்தான். ஈரமும் எண்ணெயும் உள்ள பரப்பு, விளக்கின் பிம்பத்தை அங்கங்கே கண்ணாடிபோலத் திருப்பிவிடுகிறது. மொட்டோயோஷி, நிஷிதா, ஷரண், அடெல்சன் ஆகியோர் 2007இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை ஒன்று, ஒரு பரப்பின் படத்தில் பெரும்பகுதி இருண்டும் மிகச் சிறுபகுதி மட்டும் மிகப் பிரகாசமாகவும் இருந்தால் மூளை அதைப் பளபளப்பாக உணர்கிறது என்றது. இரண்டே ஆண்டில் ஆண்டர்சனும் கிம்மும் ஒரு திருத்தம் சொன்னார்கள்: பிரகாசமான புள்ளிகள் இருந்தால் மட்டும் போதாது, பரப்பின் மேடுபள்ளத்துக்குப் பொருந்தும் இடத்தில் இருக்க வேண்டும். ஜப்பானில் வாடாவும் சக ஆய்வாளர்களும் 2010இல் முட்டைக்கோஸ் இலை வாட வாட எடுத்த படங்களைக் காட்டிப் பார்த்தபோது, அதன் புத்துணர்வை மக்கள் மதிப்பிட்டது இந்த ஒளிப் பரவலோடு ஒத்துப்போனது. பச்சை மொச்சையையும் கத்தரிக்காயையும் சந்தையில் பார்த்ததுமே நல்லதா என்று சொல்லும் கண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது.

போனின் பிளாஷ் உணவைக் கொல்வது இதனால்தான். லென்ஸின் பக்கத்திலிருந்தே நேராகப் பாயும் ஒளி மேடுபள்ளங்களின் நிழலை எல்லாம் அழித்து, நடுவில் ஒரே ஒரு பெரிய வெள்ளைத் திட்டை வைத்துவிடுகிறது. ஒளி பக்கவாட்டிலிருந்தோ, தட்டுக்குப் பின்னாலிருந்தோ வந்தால் முறுக்கின் முள்ளும் இடியாப்பத்தின் இழையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். எவர்சில்வர் தட்டு ஒரு வளைந்த கண்ணாடி. எதிரே என்ன இருக்கிறதோ அதைக் காட்டும். கூரை விளக்கும், போனைப் பிடித்த கையும் அதில் தெரியாதிருக்க வேண்டுமென்றால், நேர் மேலிருந்து எடுக்காமல் கொஞ்சம் சாய்ந்த கோணத்துக்கு மாறினால் போதும். எவர்சில்வர் தட்டைப் படத்துக்காக ஒளித்துவைத்து, பயன்படுத்தாத பீங்கான் தட்டை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றாடம் சாப்பிடும் தட்டிலேயே நல்ல படம் எடுக்க இயற்பியல் வழி விட்டிருக்கிறது.

ஆவியும் அப்படியே. கொதிக்கும் நீரிலிருந்து எழும் நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. நாம் ஆவி என்று பார்ப்பது, அது குளிர்ந்த காற்றில் கலந்து மீண்டும் திரண்ட மிக நுண்ணிய நீர்த்துளிகள். மார்கழிக் காலையில் வெண்பொங்கலிலிருந்து எழும் ஆவி சித்திரை மதியத்தில் எழுவதைவிட அடர்த்தியாகத் தெரிவதற்குக் காரணம் காற்றின் குளிர்ச்சி. இத்தகைய துளிகள் தம்மேல் படும் ஒளியில் பெரும்பங்கை முன்னோக்கியே, அதாவது ஒளி போகும் திசையிலேயே சிதறடிக்கின்றன. அதனால் ஒளி உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் ஆவி படத்தில் பதிவதே இல்லை. ஜன்னல் தட்டுக்குப் பின்னால், கொஞ்சம் ஓரமாக இருந்து, ஆவிக்குப் பின்னணியில் நிழலான சுவரோ மரக்கதவோ இருந்தால் அதன் சுருள் ஒவ்வொன்றும் தெரியும்.

நிறமிகளில் மஞ்சளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதன் குர்குமின், ஊதா-நீலப் பகுதி ஒளியை விழுங்குகிறது. அமிலத்தில் மஞ்சளாகவே நிற்கும், காரத்தன்மை ஏறினால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலந்ததும் தண்ணீர் சிவப்பது இந்த வேதியியல். புளியும் தக்காளியும் சேர்ந்த சாம்பாரில் அது நிலையாக மஞ்சளாக நிற்கிறது. கீரையின் பச்சையோ நிலையில்லாதது. குளோரோபில் மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் இருக்கிறது. சூட்டிலும் அமிலத்திலும் அது கழன்று, அந்த இடத்தில் ஹைட்ரஜன் ஏறினால் பச்சை மங்கி ஆலிவ் பழுப்பாகிறது. கீரையை மூடாமல் வேகவைக்கச் சொல்வதில் விஷயம் இருக்கிறது: கீரையிலிருந்தே வெளிவரும் ஆவியாகும் அமிலங்கள் மூடியில் பட்டுத் திரும்பிச் சொட்டாமல் போய்விடுகின்றன. சமையல் சோடா போட்டால் பச்சை நிற்கும். ஆனால் கீரை கூழாகும், வைட்டமின்களும் போகும். படத்துக்காக அதைச் செய்ய வேண்டாம். புளி விட்ட கீரை பழுப்பாக இருப்பதுதான் அதன் முறை.

தூரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. போனின் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. அதைத் தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனால் முன்னோரம் பெருத்தும் பின்னோரம் சிறுத்தும் தட்டு கோணலாகும், போனின் நிழலும் உணவின்மேல் விழும். ஒரு எட்டு பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் இரண்டும் தீரும்.

படம் நன்றாக வந்துவிட்டது, அனுப்புகிறோம். இங்கே கடைசிப் பெரிய கழிவு. செயலிகள் 12 மெகாபிக்சல் படத்தை 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடுவது சாதாரணம். அதற்கு மேல் ஜேபெக் சுருக்கம். 1992இல் தரமாக வெளிவந்த இந்த முறையின் இதயத்தில் இருப்பது, தனித்த கொசைன் உருமாற்றம் என்னும் கணிதம். அதைக் கண்டவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது 1972இல் ஆராய்ச்சி நிதி கேட்டார், கிடைக்கவில்லை. விடாமல், தன் மாணவர் டி. நடராஜனோடும் நண்பர் கே. ஆர். ராவோடும் சேர்ந்து வேலையை முடித்து 1974இல் வெளியிட்டார். ராவ் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். இன்று உலகில் எந்த வீட்டுச் சாப்பாட்டுப் படம் எந்த ஊருக்குப் போனாலும் பெரும்பாலும் இந்த மூவரின் கணிதத்தில் ஏறித்தான் போகிறது. நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இவர்கள் பெயர் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

அந்தக் கணிதம் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மெல்ல மாறும் அலைகள், வேகமாக மாறும் அலைகள் என்று எழுதிக்கொள்கிறது. கண் அதிகம் கவனிக்காத வேகமான அலைகளைக் குறுக்குகிறது அல்லது விட்டுவிடுகிறது. இதோடு நிறத்தையும் தனியாகப் பிரித்து, வழக்கமாக நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொள்கிறது. வெளிச்ச வேறுபாட்டைப் பார்க்கும் அளவுக்கு நிற வேறுபாட்டை நம் கண் நுணுக்கமாகப் பார்ப்பதில்லை என்பதால், முகங்களிலும் நிலக்காட்சிகளிலும் இந்தச் சிக்கனம் தெரிவதே இல்லை. தயிர்சாதத்தின்மேல் தாளித்த கடுகு, கறிவேப்பிலை, சிவந்த மிளகாய், மாதுளை முத்து என்று சின்னச் சின்ன நிறங்கள் வெள்ளையில் பதிந்து கிடக்கும் படத்தில் தெரிகிறது: ஓரங்கள் கலங்குகின்றன, சிவப்பு வெள்ளைக்குள் கசிகிறது. படத்தை டாக்குமெண்டாகவோ, செயலியில் உள்ள ஹெச்.டி. தேர்விலோ அனுப்பினால் இந்தக் கசிவு வெகுவாகக் குறையும். ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் தேவையில்லாத மேசையையும் சுவரையும் வெட்டிவிட்டால், மிஞ்சும் புள்ளிகள் எல்லாம் உணவுக்கே கிடைக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டுப் படமெடுப்பது சாப்பாட்டைக் கெடுக்கிறது என்று கோபப்படுகிறவர்கள் பல வீடுகளில் உண்டு. அந்தக் கோபத்தில் நியாயமான ஒரு பகுதி இருக்கிறது. முறுகல் தோசை காத்திருக்காது. அடியில் சிக்கிய ஆவி தண்ணீராகி, இரண்டு நிமிடத்தில் தோசை துவண்டுவிடும். பூரி இறங்கிவிடும். பசித்த பிள்ளையைக் காக்கவைத்து எடுக்கும் படம் எனக்கும் பிடிக்காது. ஆனால் படமெடுப்பதே அனுபவத்தைத் திருடுகிறது என்பதை ஆய்வுகள் அப்படியே ஏற்கவில்லை. டீல், சாபர்மன், பராஷ் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், களத்திலும் ஆய்வகத்திலுமாகச் செய்த ஒன்பது சோதனைகளில், படமெடுத்தவர்கள் பொதுவாக அந்த அனுபவத்தில் கூடுதலாக ஒன்றிப்போனார்கள், கூடுதலாக ரசித்தார்கள். சாப்பிடும் இடமும் அந்தச் சோதனைகளில் ஒன்று. எதைப் படமெடுப்பது என்று தேடும்போது கண் பொருளைக் கூர்ந்து பார்க்கிறது. எடுக்கும் வேலையே அனுபவத்துக்குக் குறுக்கே நின்றால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. லிண்டா ஹெங்கல் 2014இல் அருங்காட்சியகத்தில் செய்த ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: முழுப் பொருளையும் படமெடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட நினைவு குறைந்தது. ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அவசரமாகத் தட்டு முழுவதையும் கிளிக் செய்துவிட்டுப் போவதைவிட, பணியாரத்தின் சிவந்த விளிம்பை உற்றுப் பார்த்து ஒரு படம் எடுப்பது மேல் என்று எனக்குப் படுகிறது.

பார்ப்பவர் பக்கமும் ஒரு விளைவு உண்டு. லார்சன், ரெட்டன், எல்டர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் உப்பு நொறுக்குத் தீனிப் படங்களையும் இன்னொரு குழுவினர் இனிப்புப் படங்களையும் பார்த்து, எவ்வளவு ருசியாகத் தெரிகின்றன என்று மதிப்பெண் போட்டார்கள். பிறகு எல்லோருக்கும் உப்புக் கடலை. உப்புப் படங்களை நிறையப் பார்த்தவர்களுக்குக் கடலை குறைவாகவே ருசித்தது. அவர்கள் பார்த்த படங்களில் கடலையே இல்லை. கற்பனையில் திரும்பத் திரும்ப ருசித்த நாக்கு சலித்துப்போகிறது. குடும்ப குரூப்பில் தீபாவளியன்று வந்து குவியும் அதிரசப் படங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுக்கொண்டிருப்பவர், தன் வீட்டு அதிரசத்தை எடுக்கும் முன் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைப்பது நல்லது.

என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துவது வேறு ஒன்று. பல போன்களில் உணவுக்கென்றே ஒரு தனி மோடு இருக்கிறது. அது நிறத்தை அழுத்தமாக்கி, வெம்மையைக் கூட்டி, ஓரங்களை மங்கவைக்கிறது. நாளெல்லாம் அத்தகைய படங்களைப் பார்த்த கண்ணுக்கு உண்மையான வத்தலும் துவையலும் சோகையாகத் தெரியத் தொடங்குகின்றன. நிறத்தை வைத்து ருசியை எடைபோடும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நாம் பார்த்திருக்கிறோம். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் பஞ்சுமிட்டாயில் கண்டுபிடிக்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்குத் தடை வந்தது. வீட்டுச் சமையல் பழுப்பாக இருந்தால் பழுப்பாகவே தெரியட்டும். பருப்புருண்டைக் குழம்பின் பழுப்பு, வறுத்த மிளகிலும் தனியாவிலும் சூட்டில் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் கூடித் தந்த நிறம். நல்ல வெளிச்சத்தில் எடுத்தால் அந்தப் பழுப்புக்குள் பத்துச் சாயல்கள் தெரியும்.

தினமும் மூன்று வேளை செய்து, தின்று தீர்ந்து, பாத்திரம் கழுவியதோடு தடமில்லாமல் மறையும் வேலை சமையல். அதைச் செய்தவர் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வதை வெறும் பகட்டு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியாது. பாட்டிமார்களின் எத்தனையோ பக்குவங்கள் எழுதப்படாமலே போயின. அவை எப்படி இருந்தன என்பதற்கு ஒரு படம்கூட இல்லை. இன்று போன் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பதிவு சாத்தியம். அதைக் கொஞ்சம் கவனமாகச் செய்யலாம் என்பதற்குத்தான் இத்தனை இயற்பியலும்.

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் படத்தில் ஏறாதவை உண்டு. மிளகாயின் நிறமான கேப்சாந்தினுக்கும் காரமான கேப்சைசினுக்கும் நேரடித் தொடர்பில்லை, கேப்சைசின் நிறமற்றது. கர்நாடகத்து பியாதகி மிளகாய் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, காரமோ மிதம். புளிப்புக்கும் உப்புக்கும் பெருங்காயத்துக்கும் படத்தில் இடமே இல்லை. ஆகவே படத்தோடு இரண்டு வரி எழுத்தையும் அனுப்புங்கள். ரசத்தைப் படமெடுத்தால், எத்தனை நல்ல வெளிச்சத்திலும் அது மஞ்சளான ஒரு தண்ணீர்தான். மிளகும் சீரகமும் எவ்வளவு, பெருங்காயம் கட்டியா தூளா, புளி புதியதா பழையதா, கொதிக்கவிட்டதா நுரை கூடியதும் இறக்கியதா என்று அதன் கீழே எழுதியிருந்தால், விடுதி அறையில் ஒற்றை அடுப்பு வைத்திருக்கும் பிள்ளை அதைப் பார்த்து அன்றிரவே ரசம் வைத்துவிட முடியும்.